ட்ரேக்கு ஐந்து

பாரம் இருபத்தேழு பக்கம்.
மலாயில் ஒரு கட்டு, ஆங்கிலத்தில் ஒரு கட்டு.
தமிழில் இல்லையென்று மிஸ்ஸி அஸ்லிண்டா
தன் தவறுபோல் தலையைச் சாய்த்தாள்.

வீட்டில் லோஷினி வாசித்தாள்,
ஆறிப்போன மீ தட்டைத் தள்ளிவைத்துவிட்டு.
வயிற்றுப்போக்கு, பத்தில் நாலு பேருக்கு.
உள்ளங்கை உரியும், பத்தில் மூன்று.
இதயம்
என்று நிறுத்திப் பக்கத்தைப் புரட்டினாள்.
அதையும் படி என்றேன்.
நூற்றில் ஒருத்தர்தாம்மா.
அந்த ஒருத்தரின் பெயர் பாரத்தில் இல்லை.

மின்சார பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்:
மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெர்ரி,
இறங்கியதும் கிராப் பன்னிரண்டு வெள்ளி,
லோஷினிக்குச் சம்பளமில்லாத ஒரு நாள்,
இரத்தம் ஆறு குழாய், சதை இன்னொரு முறை.
போக்குவரத்துக்கு ஐம்பது தருவார்கள்.
மாத்திரை இலவசம், ஸ்கேன் இலவசம்.
ராத்திரியிலும் எடுப்பேன் என்று
அஸ்லிண்டா எழுதிக் கொடுத்த கைப்பேசி எண்.
அதை எந்தப் பக்கம் சேர்ப்பதென்று தெரியாமல்
நடுவில் எழுதினேன்.

எத்தனை மாதம் கூடும் டாக்டர்?
அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த ஆய்வு என்றார் கோ.
நேர்மையான பதில்தான்.
பில்லில் அதற்கு இடமில்லை.

புது மாத்திரையா, பழைய ட்ரிப் மட்டுமா,
கம்ப்யூட்டர் குலுக்கிச் சொல்லுமாம்.
குலுக்கல் என்றதும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.
இருபத்தாறு வருஷம் இந்த மனுஷனோடு
நாலு நம்பருக்காகச் சண்டை பிடித்தவள் நான்.
லோரி மோதினால் லோரி நம்பர்,
இழவு வீட்டில் கதவு நம்பர்.
கனவில் வந்த ஒரு பாம்புக்கு
என் வளையல் இரண்டு போயிருக்கிறது.
இப்போது ஒன்றும் சொல்லாமல்
டீவியின் சத்தத்தைக் குறைத்தார்.

தூக்கம் வரவில்லை.
பாயான் லெப்பாஸ் பேக்டரியில் பத்தொன்பது வருஷம்,
நீலக் கோட்டு, முகமூடி, கண் மட்டும்தான் நான்.
ட்ரேக்கு ஐந்து சில்லு எடுப்பேன்.
குறை ஒன்றும் இல்லாதவை, மற்றதைப் போலவே.
அடுப்பில் வைப்போம், நூற்றிருபத்தைந்து டிகிரி,
ஆயிரம் மணி நேரம்.
ஐந்தும் தாங்கினால்
மீதி ட்ரே பெட்டியேறி ஊர் ஊராய்ப் போகும்.
தாங்கியதை விற்கமாட்டோம். குப்பைக்கு.
ஒரு நாளும் நான் அவற்றைக் கேட்டுவிட்டு எடுத்ததில்லை.

இவர்கள் என்னைக் கேட்கிறார்கள்.
எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்று
ஒன்பதாம் பக்கத்தில், தடித்த எழுத்தில்.
அது பெரிய வித்தியாசமா, சின்ன வித்தியாசமா
என்று விடியும்வரை புரண்டேன்.
மீதி ட்ரேயில் யார் யாரோ இருப்பார்கள்.
இன்னும் இருமல்கூட வராதவர்கள்.
அவர்களுக்காக என்று சொன்னால் பொய்.
அவர்களுக்காக இல்லவே இல்லை என்றாலும் பொய்.

மேடம் ஊய் ஐந்து மாதமாய் மாத்திரை சாப்பிடுகிறாள்.
காத்திருக்கும் நாற்காலியில் கையை விரித்துக் காட்டினாள்,
வெந்த இறால்போல் சிவந்து உரிந்த கை.
பிளாஸ்க் மூடியை நான்தான் திறந்து கொடுத்தேன்.
கட்டி?
அப்படியே இருக்கு, வளரல என்றாள் மலாயில்,
வீட்டுக்கடன் கட்டி முடித்தவள் சொல்வதுபோல.

பக்கத்துக்குப் பக்கம் சுருக்கெழுத்து,
கடைசியில் முழுப் பெயர்.
அஸ்லிண்டா அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினாள்:
0417. இனி நான் அதுதான்.
இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டர்வொர்த்தில் இறங்கியதும்
தண்ணி வாங்கிட்டு வரேன் என்றார்.
பையில் போத்தல் நிறையத் தண்ணீர் இருந்தது.
கம்ப்யூட்டர் குலுக்குவது வியாழன்.
கடையில் குலுக்குவது புதன்.
இரண்டு வெள்ளி எடுத்து நீட்டினேன்.
பெரிசில் ஒன்று, சின்னதில் ஒன்று என்றேன்.

எனக்கு அதெல்லாம் தெரியாதென்று
இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறார்.